யார் மீதும் பழி சுமத்தாமல் பிரிய முடியுமா? – வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

குடும்பச் சட்டம் குறித்து இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில், இம்முறை ஒரே பொருளைச் சுற்றி எழுதப்பட்டவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கணவன் மனைவி இருவரில் எவர் மீதும் குற்றம் சாட்டாமல் திருமணத்தை முடித்துக்கொள்வது, அதற்காகச் சட்டம் கேட்கும் பிரிந்து வாழும் காலம், அந்தக் காலத்தை எப்படி எண்ணுவது என்பவையே அந்தப் பொருள். எழுதியவர்கள் வெவ்வேறு நாடுகளில் வாழ்கிறார்கள் என்பதால் பதில்களிலும் பல நாட்டுச் சட்டங்கள் வரும். பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டேன்.

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவில், இந்து திருமணச் சட்டப்படி பதிவான திருமணம். என் கணவர் நல்ல மனிதர். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, வேறு தொடர்பும் கிடையாது. ஆனால் எங்களுக்குள் மனம்விட்ட பேச்சு நின்றே நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. பிரிந்துவிடலாம் என்று இருவருக்குமே தோன்றுகிறது. “ஏதாவது ஒரு குற்றத்தைச் சொன்னால்தான் நீதிமன்றத்தில் நடக்கும்” என்கிறார் உறவினர் ஒருவர். அவர் மீது பொய்யாக ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இல்லையா, அம்மா?

பதில்: வழி இருக்கிறது, சகோதரி. பொய் சொல்ல வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

உங்கள் உறவினர் சொல்வது ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் உண்மையாக இருந்தது. தவறு செய்தவர் ஒருவர், அதனால் பாதிக்கப்பட்டவர் மற்றொருவர் என்று இருந்தால்தான் நீதிமன்றம் கதவைத் திறக்கும். பிறன்மனை உறவு, கொடுமை, கைவிட்டுச் செல்லுதல் போன்றவற்றில் ஒன்றையாவது மெய்ப்பித்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படிப்பட்ட காரணங்கள் 14 இருந்தன. 1975இல் இயற்றப்பட்டு 1976 ஜனவரி 5 முதல் நடைமுறைக்கு வந்த குடும்பச் சட்டம் அந்தப் பதினான்கையும் எடுத்துவிட்டு, மணவாழ்க்கை மீள முடியாதபடி முறிந்துவிட்டது என்ற ஒரே காரணத்தை வைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1969இலேயே இந்த வழியில் சட்டம் செய்தது. அப்போது ஆளுநராக இருந்த ரொனால்டு ரேகன் கையெழுத்திட்டார். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர, கடைசியாக 2010இல் நியூயார்க் சேர்ந்துகொண்டது.

இங்கிலாந்து இதில் மிகவும் பின்தங்கியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்திய ஒரு பெண்மணி, கணவருடன் இனி வாழ முடியாது என்று விவாகரத்துக் கேட்டு, அவருடைய நடத்தைக்கு உதாரணமாக 27 நிகழ்ச்சிகளை எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் சிறு சிறு கசப்புகள்; ஒன்றுசேர்ந்து ஒரு வாழ்க்கையைத் தாங்க முடியாததாக ஆக்கிய கசப்புகள். கணவர் மறுத்து வாதாடினார். அவை சட்டம் கேட்கும் அளவுக்குப் போதாது என்று முதல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும், மனம் ஒப்பாமலே, சட்டத்தை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம்தான் என்று கூறி அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கணவர் சம்மதிக்காதபோது அன்றைய சட்டம் கேட்ட ஐந்தாண்டுப் பிரிவு நிறைவேறும் 2020 வரை அவர் காத்திருக்க நேர்ந்தது. இந்த வழக்கு எழுப்பிய மனக்கொதிப்புக்குப் பிறகுதான் 2020இல் புதிய சட்டம் வந்து, 2022 ஏப்ரல் 6 முதல் அங்கே குற்றம் சாட்டாத மணமுறிவு நடைமுறைக்கு வந்தது. தான் மகிழ்ச்சியாக இல்லை என்பதை மெய்ப்பிக்க ஒரு மனிதப் பிறவி 27 குறைகளைத் தேடித் தொகுக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி உங்கள் நிலைக்கு வருகிறேன். இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு, இருவரும் ஒப்புக்கொண்டு விவாகரத்துப் பெற இடம் தருகிறது. ஓராண்டோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ இயலவில்லை, திருமணத்தைக் கலைத்துக்கொள்ளப் பரஸ்பரம் சம்மதித்திருக்கிறோம் என்ற மூன்றை மட்டும் இருவரும் கூட்டு மனுவில் சொன்னால் போதும். யார் மீது தவறு என்று நீதிபதி கேட்க மாட்டார். மனுத் தாக்கல் செய்ததிலிருந்து ஆறு மாதங்களுக்குப் பிறகும் பதினெட்டு மாதங்களுக்கு முன்பும் இருவரும் மீண்டும் நீதிமன்றத்தை அணுகித் தங்கள் சம்மதத்தை உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது.

எல்லா நாடுகளும் இந்த இடத்துக்கு வந்துவிடவில்லை. இலங்கையின் பொதுத் திருமணச் சட்டமான 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பிறன்மனை உறவு, தீய நோக்குடன் கைவிடுதல், தீராத ஆண்மையின்மை என்ற மூன்று காரணங்களைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே எந்த நாட்டுச் சட்டம் தங்களுக்குப் பொருந்தும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுமாறு இதைப் படிக்கும் மற்ற வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். திருமணம் நடந்த நாட்டின் சட்டமே எப்போதும் பொருந்தும் என்பதில்லை. பெரும்பாலும் நீங்கள் இப்போது நிலையாக வாழும் நாட்டின் நீதிமன்றத்துக்கே விசாரிக்கும் அதிகாரம் இருக்கும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் வாழ்கிறேன். பிரிந்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்து பத்து மாதங்கள் ஆகின்றன. ஆனால் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு வாடகை கட்ட எங்களால் முடியாது, பிள்ளைகளுக்கும் இரண்டு வீடு என்பது இப்போது சரிப்படாது. நான் முன்னறையில் படுத்துக்கொள்கிறேன். இது பிரிந்து வாழ்ந்த கணக்கில் சேருமா, அல்லது வேறு வீடு பார்த்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டுமா?

பதில்: சேரும். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குற்றத்தை விசாரிப்பதைக் கைவிட்ட சட்டம், அதன் இடத்தில் காலத்தைச் சாட்சியாக நிறுத்துகிறது. மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்பதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் ஏற்கும் ஒரே சான்று, விண்ணப்பிப்பதற்கு முன் 12 மாதங்கள் தொடர்ந்து பிரிந்து வாழ்ந்திருப்பதுதான். பிரிவு என்பது இரண்டு வீடுகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் குறிப்பதில்லை. இனி கணவன் மனைவியாக வாழ்வதில்லை என்று ஒருவராவது முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும். பின்பு அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். இம்மூன்றும் கூடிய நாளே பிரிவு தொடங்கிய நாள். ஒரே வீட்டில் வசித்தாலும், ஒருவர் மற்றவருக்குச் சில வீட்டு வேலைகளைச் செய்து கொடுத்தாலும் பிரிந்தவர்களாகவே கருதலாம் என்று சட்டமே சொல்கிறது.

ஆனால் கதவுகள் ஒன்றாக இருக்கும்போது சான்றுகள் தெளிவாக இருக்க வேண்டும். முன்னறையில் படுத்துக்கொள்வது மட்டும் போதாது. குறட்டைக்காகக்கூடத் தனியறையில் படுக்கும் தம்பதிகள் உண்டு அல்லவா? சமையல், துணி துவைத்தல் போன்றவற்றில் என்ன மாறியது, பணம் எப்படிப் பிரிக்கப்பட்டது, உறவினருக்கும் நண்பருக்கும் எப்போது சொன்னீர்கள், விழாக்களுக்குச் சேர்ந்து போவது நின்றதா, உதவித்தொகை வழங்கும் அரசு அலுவலகத்துக்குத் தெரிவித்தீர்களா, ஏன் இன்னும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு நீங்கள் பிரமாணப் பத்திரத்தில் பதில் எழுத வேண்டும். தனியாக விண்ணப்பித்தால், உங்கள் வீட்டுச் சூழலை நேரில் அறிந்த வேறொருவரும் ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு பத்திரம் என் நினைவில் நிற்கிறது. மனுதாரரின் அக்கா எழுதிக் கொடுத்தது, ஒரே ஒரு பக்கம். தம்பியின் பல்துலக்கியும் சவரப் பொருள்களும் மாடிக் குளியலறைக்குப் போயிருந்ததையும், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்ததையும், கூடத்தில் திருமணப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணியும் வெளுக்காத ஒரு சதுரச் சுவரும் மட்டும் இருந்ததையும் அவர் எழுதியிருந்தார். எங்கே நின்று எப்போது பார்த்தேன் என்றும் குறித்திருந்தார். “அவர்களுக்குள் உறவு முற்றிலும் சிதைந்துவிட்டது” என்று ஒரு சாட்சி பத்து முறை எழுதுவதைவிட அந்தத் துணி துவைக்கும் தாள் அதிகம் பேசியது.

எனவே, பிரிந்த தேதியை எழுத்தில் வையுங்கள். முடிவெடுத்த அன்று மனைவிக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ இருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். இல்லையென்றால், “இன்ன தேதியிலிருந்து நாம் பிரிந்து வாழ்கிறோம் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறோம்” என்று இன்றைக்கே இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உண்மையில் பிரிந்த நாளுக்கு முந்தைய ஒரு தேதியைப் போட்டுக் காலத்தைக் கூட்டிக் காட்டலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். பிரமாணத்தின் பேரில் சொல்லும் பொய் அது. குற்றம் சாட்டாத சட்டம் உங்களிடம் கேட்பது ஒரே ஓர் உண்மையைத்தான். அதையாவது நேர்மையாகக் கொடுப்போம்.

வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. ஜெர்மனியின் குடிமைச் சட்டமும், அயர்லாந்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே வீட்டுக்குள் நிகழும் பிரிவை ஏற்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றமும் 1991இல், பிரிந்து வாழ்தல் என்றால் கணவன் மனைவியாக வாழாதிருத்தல் என்றே பொருள், வசிக்கும் இடத்தை அது குறிப்பதில்லை என்று விளக்கியது. ஆனால் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓராண்டு முழுவதும் வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் விவாகரத்துக்குப் பிரிவுக்காலமே தேவையில்லை என்றாலும், பிரிந்த தேதிக்குப் பின் ஈட்டிய வருமானம் பொதுச் சொத்தில் சேராது என்பதால் அங்கும் தேதி முக்கியம். வெவ்வேறு வீடுகளில் வாழ்ந்தால்தான் பிரிவு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளிக்க, 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அதை மாற்றியது. ஒரு வீட்டின் கூரை எத்தனை சட்டசபைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் வேலை வைத்திருக்கிறது, பாருங்கள்.

கேள்வி: கனடாவில் வாழும் நாங்கள் ஐந்து மாதம் பிரிந்திருந்தோம். பிறகு பிள்ளைக்காக மீண்டும் முயன்று பார்ப்போம் என்று இரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தோம். முடியவில்லை. இப்போது மறுபடியும் முதல் நாளிலிருந்து ஓராண்டை எண்ண வேண்டுமாமே? முயன்றதே தவறோ என்று தோன்றுகிறது.

பதில்: முயன்றது தவறில்லை; உங்களுக்கு அப்படிச் சொன்னவர்தான் சட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மீண்டும் இணையும் நோக்கத்துடன் சேர்ந்து வாழ்ந்த நாட்கள் மொத்தம் 90க்கு மேல் போகாதவரை, பிரிவுக்காலம் அறுபட்டதாகாது என்று கனடாவின் விவாகரத்துச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஓராண்டு முதலில் பிரிந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. மனுவைத் தாக்கல் செய்யக்கூட ஓராண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீர்ப்பு வழங்கும்போது அது நிறைவேறியிருந்தால் போதும்.

ஆஸ்திரேலியாவில் கணக்குச் சற்று வேறு. அங்கே ஒரு முறை, மூன்று மாதங்களுக்குள், சேர்ந்து வாழ்ந்து பார்த்துவிட்டு மீண்டும் பிரிந்தால், முன்னும் பின்னும் பிரிந்திருந்த மாதங்களைக் கூட்டிக்கொள்ளலாம். இடையில் சேர்ந்திருந்த காலம் கணக்கில் வராது. ஐந்து மாதப் பிரிவு, இரண்டு மாத முயற்சி என்று உங்களைப் போலவே ஒரு தம்பதி அங்கே இருந்தால், அவர்கள் இன்னும் ஏழு மாதம் பிரிந்திருக்க வேண்டும். நாட்காட்டியில் அது மொத்தம் பதினான்கு மாதம். மூன்று மாதத்தைத் தாண்டிச் சேர்ந்து வாழ்ந்துவிட்டால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். ஜெர்மானியச் சட்டமும் இணக்கத்துக்காகக் குறுகிய காலம் சேர்ந்து வாழ்வதைப் பிரிவின் முறிவாகக் கருதுவதில்லை.

இந்த விதிகளை எழுதியவர்கள் மனித மனத்தை அறிந்தவர்கள் என்றே நான் நினைக்கிறேன். மீண்டும் முயன்றால் காத்திருந்த மாதங்கள் வீணாகும் என்ற அச்சம் இருந்தால், யார் கதவைத் தட்டிப் பேசிப் பார்க்க முன்வருவார்கள்? உங்கள் பிள்ளைக்காக நீங்கள் எடுத்த முயற்சி எந்தக் கணக்கிலும் நஷ்டமில்லை.

கேள்வி: நானும் மனைவியும் இந்தியாவில் ஆறு ஆண்டுகளாகத் தனித்தனியாக வாழ்கிறோம். நான் விவாகரத்துக் கேட்கிறேன். அவர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். ஆறு ஆண்டு போதாதா? தானாகவே திருமணம் முடிந்துவிடாதா?

பதில்: எத்தனை ஆண்டுகள் பிரிந்திருந்தாலும் திருமணம் தானாக முடிந்துவிடாது, எந்த நாட்டிலும் நீதிமன்றத்தின் ஆணையோ சட்டம் ஏற்கும் வேறொரு நடைமுறையோ வேண்டும். இந்தியாவில் உங்கள் சிக்கல் இன்னும் கடினமானது. 13பி பிரிவுக்குத் தீர்ப்பு நாள்வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும். இடையில் ஒருவர் பின்வாங்கினாலும் மனு நிற்காது. ஒருவர் மட்டும் கேட்டால் கொடுமை, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டிருத்தல் போன்ற பழைய காரணங்களில் ஒன்றை மெய்ப்பிக்க வேண்டும். மீள முடியாத முறிவை ஒரு காரணமாகச் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் பரிந்துரைத்தது. 2010இல் கொண்டுவரப்பட்ட மசோதாவை 2013இல் மாநிலங்களவை நிறைவேற்றியும், மக்களவையில் நிறைவேறாமல் அது காலாவதியானது. 2023 மே மாதத்தில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் உறுப்பின்படி இந்தக் காரணத்துக்காக உச்ச நீதிமன்றமே ஒரு திருமணத்தைக் கலைக்கலாம், ஒருவர் எதிர்த்தாலும் கலைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம். குடும்ப நீதிமன்றத்தில் அதைக் கேட்க முடியாது.

வேறு சில நாடுகளில் சம்மதம் இருப்பதும் இல்லாததும் காத்திருக்கும் காலத்தை மட்டுமே குறைக்கிறது அல்லது நீட்டுகிறது. சிங்கப்பூரில் சம்மதம் இருந்தால் மூன்றாண்டுப் பிரிவு போதும், இல்லாவிட்டால் நான்காண்டு. இருவரும் உடன்பட்டால் பிரிவுக்காலம் இல்லாமலே விவாகரத்துப் பெறும் வழியும் 2024 ஜூலை முதல் வந்திருக்கிறது. ஜெர்மனியில் மூன்றாண்டு பிரிந்திருந்தால், ஒருவர் எதிர்த்தாலும் மணவாழ்க்கை முறிந்துவிட்டதாகவே சட்டம் கொள்ளும். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் மற்றவரின் சம்மதமே தேவையில்லை.

உங்கள் மனைவி ஏன் மறுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்பேன். தனக்கென வருமானமோ வீடோ இல்லாத ஒருவருக்கு, மறுப்பதுதான் கையில் இருக்கும் ஒரே பலமாக இருக்கக்கூடும். அந்த 2010ஆம் ஆண்டு மசோதாவிலேயே, விவாகரத்தால் கடும் பணக் கஷ்டத்துக்கு ஆளாக நேரும் மனைவி அதை எதிர்க்கலாம் என்று ஒரு பாதுகாப்பு வைக்கப்பட்டிருந்தது. சம்மதத்தை ஓர் ஆயுதமாக்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது கொடுமைதான். ஆனால் தன் முதுமைக்கு என்ன வழி என்று தெரியாமல் பயந்து மறுப்பவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். நிரந்தரப் பராமரிப்புத் தொகையும் குடியிருப்பும் பற்றி ஓர் உருப்படியான எழுத்துப்பூர்வ முன்மொழிவோடு, நீதிமன்றத்தின் சமரச மையத்தில் ஒரு முறை உட்காருங்கள். அதுவும் பயன்படாவிட்டால், உங்கள் வழக்கின் உண்மைகள் கைவிடுதல் என்ற காரணத்துக்குப் பொருந்துகின்றனவா என்று உங்கள் வழக்கறிஞர் ஆராயட்டும்.

கேள்வி: என் கணவர் அடிக்கிறார். குற்றம் சாட்டாத முறையில் போனால் அவர் செய்தது எதுவும் பேசப்படாதா? ஓராண்டு நானும் காத்திருக்க வேண்டுமா?

பதில்: பாதுகாப்புக்கு ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். விவாகரத்து ஒரு வழக்கு. வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆணை பெறுவது வேறொரு வழக்கு. அடித்ததற்குக் காவல் துறையில் புகார் செய்வது மூன்றாவது. பின்னிரண்டுக்கும் பிரிவுக்காலம் எதுவும் கிடையாது. இன்றே செல்லலாம். விவாகரத்து மனுவில் காரணம் கேட்கப்படுவதில்லை என்பதால் அவர் செய்தது மறைந்துவிடாது. பிள்ளைகள் யாருடன் வாழ்வது என்று முடிவு செய்யும்போது வன்முறையை நீதிமன்றம் கட்டாயம் கவனிக்கும். காயங்களின் படங்கள், மருத்துவச் சீட்டுகள், மிரட்டல் செய்திகள் ஆகியவற்றை அவர் கை எட்டாத இடத்தில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் விவாகரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். காரணமே இல்லாமல் பிரியலாம் என்று சட்டம் சொன்னால், திருமணத்துக்கு என்ன மதிப்பு? இந்தக் காத்திருப்புக் காலத்தையாவது இன்னும் நீளமாக வைக்கக் கூடாதா?

பதில்: உங்கள் மனவருத்தம் புரிகிறது, அம்மா. ஆனால் காரணம் இல்லாமல் பிரியலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காரணத்தை நீதிமன்றத்தில் கூட்டத்துக்கு நடுவே மெய்ப்பிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. உங்கள் மகளுக்குக் காரணம் இருக்கும். அதை அவர் உங்களிடம்கூடச் சொல்லாமல் இருக்கலாம்.

நீண்ட காத்திருப்பு பற்றி அயர்லாந்தின் அனுபவம் சிந்திக்கத் தக்கது. 1995இல் மக்கள் வாக்களித்து விவாகரத்தை அனுமதித்தபோது, முந்தைய ஐந்தாண்டுகளில் நான்காண்டு பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அரசமைப்பிலேயே எழுதி வைத்தார்கள். 2019இல் அதே மக்கள் மீண்டும் வாக்களித்து அதை நீக்கினார்கள். இப்போது மூன்றாண்டுகளில் இரண்டாண்டு போதும். மறுமுனையில் சுவீடன் பிரிவுக்காலமே கேட்பதில்லை. ஒருவர் உடன்படாதபோதோ பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருக்கும்போதோ ஆறு மாதம் யோசிக்க அவகாசம் தருகிறது. அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் கொடுத்துவிடுகிறது. இங்கிலாந்தில் விண்ணப்பத்துக்கும் முதல் ஆணைக்கும் நடுவே 20 வாரம்.

என் கருத்தைக் கேட்டால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான அவகாசம் நல்லது. கோபத்தில் எடுத்த முடிவு அதற்குள் தணிந்துவிடும், யோசித்து எடுத்த முடிவு அதற்குள் உறுதிப்பட்டுவிடும். அதற்கு மேல் நீளும் ஒவ்வோர் ஆண்டிலும் நான் கண்டது வீட்டுக் கடனைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் முற்றிக்கொண்டே போகும் சண்டைகளைத்தான். மகளிடம் காரணத்தைக் கேட்டு வற்புறுத்தாமல், இந்த மாதங்களில் அவர் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: என் விவாகரத்து வழக்கில் நீதிபதி ஆணை பிறப்பித்துவிட்டார். அடுத்த வாரமே மறுமணத்துக்கு நாள் குறிக்கலாமா? முன்பே நீதிமன்றப் பிரிவு ஆணை பெற்றிருந்த என் நண்பர், தான் எப்போதோ சுதந்திரமாகிவிட்டதாகச் சொல்கிறார். அது சரியா?

பதில்: உங்கள் நண்பரின் எண்ணம் ஆபத்தானது. நீதிமன்றப் பிரிவு ஆணை, சேர்ந்து வாழ வேண்டிய கடமையிலிருந்து மட்டுமே விடுவிக்கிறது. திருமணம் அப்படியே இருக்கிறது. அவர் மறுமணம் செய்தால் அது செல்லாது, பல நாடுகளில் குற்றமும் ஆகும். தயவுசெய்து இதை அவரிடம் இன்றே சொல்லுங்கள்.

உங்களுக்கு: ஆணை பிறப்பித்த நாளும் அது நடைமுறைக்கு வரும் நாளும் பல நாடுகளில் ஒன்றல்ல. கனடாவில் தீர்ப்புக்குப் பின் 31ஆம் நாளில்தான் விவாகரத்து நடைமுறைக்கு வரும். ஆஸ்திரேலியாவில் ஆணைக்குப் பின் ஒரு மாதமும் ஒரு நாளும் ஆக வேண்டும். இங்கிலாந்தில் முதலில் கிடைப்பது நிபந்தனை ஆணைதான். ஆறு வாரம் கழித்து நீங்களே மீண்டும் விண்ணப்பித்து இறுதி ஆணையைப் பெற வேண்டும். அதைப் பெறாமலே எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. இந்தியாவிலும் மேல்முறையீட்டுக்கான காலம் கழிந்த பிறகே மறுமணம் செய்யலாம். சான்றிதழில் நடைமுறைக்கு வரும் தேதி என்று எது அச்சிடப்பட்டிருக்கிறதோ, அதற்குப் பிறகு நாள் குறியுங்கள்.

சொத்துப் பிரிவினை இன்னும் முடியவில்லை என்றால் ஓர் எச்சரிக்கை. ஆஸ்திரேலியாவில் விவாகரத்து நடைமுறைக்கு வந்த 12 மாதங்களுக்குள் அதற்கான வழக்கைத் தொடுத்தாக வேண்டும். தவறினால் நீதிமன்றத்திடம் தனி அனுமதி கேட்க நேரும். இங்கிலாந்தில், பணம், சொத்து குறித்த உங்கள் கோரிக்கைகளை முன்வைக்காமல் மறுமணம் செய்துகொண்டால், அவற்றில் பலவற்றைக் கேட்கும் உரிமையையே இழந்துவிடக்கூடும். ஆகவே நாள் குறிக்கும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: என் ஆணை எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகிறது? சொத்து, பராமரிப்புத் தொகை பற்றி நான் இன்னும் தாக்கல் செய்ய வேண்டியது ஏதாவது மீதம் இருக்கிறதா?